மேப் வழி தவறும்போது: செட்டிங்ஸ், வேறு செயலி, தனி ரிசீவர், புது போன் – எதில் கை வைப்பது?

‘போனில் ஜிபிஎஸ் சரியில்லை’ என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. நீலப் புள்ளி நாம் நிற்காத தெருவில் நிற்பது ஒன்று. புள்ளி சரியான இடத்தில் இருந்தும், சுற்றிலும் மேப் வராமல் வெறும் சாம்பல் கட்டமாகக் கிடப்பது இன்னொன்று. புள்ளியும் மேப்பும் ஒழுங்காக இருந்தும் வழி போட மறுப்பது மூன்றாவது. ஸ்கிரீன் எரியும்வரை நன்றாக ஓடி, அணைந்ததும் நின்றுவிடுவது நான்காவது.

முதல் கோளாறுக்குக் காரணம் ஆன்டெனாவிலோ, தலைக்கு மேல் மறைக்கும் பொருளிலோ, அனுமதி செட்டிங்கிலோ இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் செயலியின் வேலை. நான்காவது பேட்டரி மிச்சம் பிடிக்கும் செட்டிங். இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் காசு தப்பான இடத்தில் போகும். மேப் ஆஃப்லைனில் திறக்கவில்லை என்பதற்காக ப்ளூடூத் ரிசீவர் (ஜிபிஎஸ் சிக்னலைப் பிடித்து போனுக்கு அனுப்பும் தனிக் கருவி) வாங்கினாலும் அந்தச் சாம்பல் கட்டம் அப்படியேதான் இருக்கும். ஆன்டெனா தொடர்பு விட்டுப்போன போனில் எத்தனை செயலி மாற்றினாலும் புள்ளி நகராது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செயற்கைக்கோளிலிருந்து இடம் கண்டுபிடிக்க இன்டர்நெட் தேவையில்லை, சிம் கார்டும் தேவையில்லை. போன் கேட்கிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. இன்டர்நெட் தேவைப்படுவது மேப் படத்துக்கும், முதல்முறை இடம் பிடிப்பதைச் சீக்கிரமாக்குவதற்கும்.

முதலில் ஒரு சோதனை

எந்த முடிவுக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஆண்ட்ராய்டு போனில் ‘ஜிபிஎஸ்டெஸ்ட்’ போன்ற, செயற்கைக்கோள் பட்டியலைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். பவுச்சைக் கழற்றிவிட்டு, கட்டடமோ மரமோ மறைக்காத திறந்தவெளிக்கு வாருங்கள். ஏரோபிளேன் மோட் போடுங்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் அணைந்துவிட்டனவா என்று பாருங்கள். சில போன்களில் ஏரோபிளேன் மோடிலும் அவை எரிந்துகொண்டே இருக்கும். லொகேஷன் மட்டும் ஆன். போனை உள்ளங்கையில் மூடிப் பிடிக்காமல், ஸ்கிரீன் வானம் பார்த்தபடி எங்காவது வையுங்கள். ஆன்டெனா பெரும்பாலும் போனின் மேல்பகுதியில் இருக்கும். விரல் அதை மூடினாலே சிக்னல் குறையும்.

பிறகு பொறுமை வேண்டும். ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடுவில் ஒரு துணுக்கு விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த விவரம் சுமார் 4 மணி நேரத்துக்குத்தான் செல்லுபடியாகும். எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே இருக்கின்றன என்ற பொது அட்டவணை முழுதாக இறங்க 12.5 நிமிடம். நாள்கணக்கில் அணைத்து வைத்த போன், அல்லது விமானத்தில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்கிய போன், நெட் இல்லாமல் முதல் புள்ளியைப் பிடிக்கப் பல நிமிடம் எடுத்தால் அது கோளாறு இல்லை. நெட் இருக்கும்போது இதே விவரம் சர்வரிலிருந்து சில நொடியில் வந்துவிடுகிறது. அதைத்தான் ஏ-ஜிபிஎஸ் என்கிறார்கள்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் எதிரே டெசிபல்-ஹெர்ட்ஸ் அளவில் ஓர் எண் இருக்கும். அதுதான் சிக்னலின் தெளிவு. திறந்தவெளியில் நல்ல போனில் பல செயற்கைக்கோள்கள் 35க்கு மேல் காட்டும், சில 40ஐத் தாண்டும். 20க்குக் கீழே இருப்பவை கணக்குக்கு அதிகம் உதவாது. இடம் கண்டுபிடிக்கக் குறைந்தது 4 தேவை: மூன்று திசைக்கு மூன்று, போனின் கடிகாரப் பிழையைத் திருத்த ஒன்று. ஆனால் வெறும் 4 இருந்தால் புள்ளி ஆடும். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் இன்றைய போன்கள் சேர்த்துக் கேட்பதால், பயன்பாட்டில் இருப்பவை என்று 15, 20 காட்டுவது சாதாரணம்.

முடிவை மூன்றாகப் பிரிக்கலாம். எட்டுப் பத்துச் செயற்கைக்கோள்களாவது 30க்கு மேல் இருக்கின்றன, பிழை அளவு 3 முதல் 6 மீட்டர் என்றால் போனின் காது நன்றாக இருக்கிறது. செட்டிங்ஸையும் செயலியையும் பாருங்கள். நல்ல திறந்தவெளியிலும் எதுவும் 25ஐத் தாண்டவில்லை என்றால் ஆன்டெனாவில் கோளாறு, அல்லது பக்கத்தில் ஏதோ கருவி மின்காந்த இரைச்சல் கிளப்புகிறது. வெளியே நன்றாக இருந்து, காருக்குள்ளோ ஸ்டாண்டில் மாட்டிய பிறகோ விழுகிறது என்றால் போனைக் குற்றம் சொல்லாமல் அந்த இடத்தைப் பாருங்கள்.

ஐபோனில் செயற்கைக்கோள் பட்டியலைச் செயலிகளுக்கு ஐஓஎஸ் கொடுப்பதில்லை. அங்கே சுற்றுவழிதான்: அதே ஏரோபிளேன் மோட், அதே திறந்தவெளி, மேப்பைத் திறந்து புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் வன்பொருளே கிடையாது. அதில் ஆஃப்லைன் மேப் எவ்வளவு இறக்கினாலும் வெளியூரில் புள்ளி வராது.

அந்த வட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆண்ட்ராய்டில் பிழை அளவு என்பது 68 சதவீத நம்பகத்துக்குக் கணக்கிட்டது. அதாவது மூன்றில் ஒருமுறை நீங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பீர்கள். கணக்கே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கூகுள் மேப்ஸில் நீலப் புள்ளி சாம்பலாக மாறினால் அது இப்போதைய இடம் இல்லை, கடைசியாகத் தெரிந்த இடம். அதை நம்பித் திரும்பக் கூடாது.

செலவில்லாத வழி: செட்டிங்ஸ்

சோதனையில் சிக்னல் நன்றாக வந்தவர்கள் இங்கே பாதிக்கு மேல் பிரச்சினையை முடித்துவிடலாம். அதிகம் தவறவிடப்படுவது ‘துல்லியமான இடம்’ என்ற அனுமதி. ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 12 முதலும் ஒரு செயலிக்குத் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்க முடியும். முதல்முறை கேட்டபோது அவசரத்தில் தோராயம் என்று தட்டியிருந்தால், புள்ளி கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும். ஒரு செயலியில் இடம் தப்பாகவும் இன்னொன்றில் சரியாகவும் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. ஆண்ட்ராய்டில் பேட்டரி சேவர் ஆனாக இருந்தால், ஸ்கிரீன் அணைந்ததும் லொகேஷனை நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னணியில் தூங்கும் செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இடம் கிடைக்கும். நடந்த பாதையைப் பதியும் செயலிகள் மேலே விடாமல் ஒரு நோட்டிஃபிகேஷன் காட்டுவது இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான். அது தொந்தரவாக இருக்கிறதென்று அணைத்தால் கோளாறை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து, பேட்டரியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றுங்கள். சில நிறுவனங்களின் போன்களில் இதற்கு மேலே ‘ஆட்டோஸ்டார்ட்’ என்று தனியாக ஒரு பூட்டு இருக்கும். அதையும் திறக்க வேண்டும். பதிந்த பாதை வளைவு நெளிவு இல்லாமல் நேர்கோட்டுத் துண்டுகளாக வந்தால் காரணம் இதுவே: இடையில் போன் தூங்கியிருக்கிறது, எழுந்தபோது கிடைத்த இரண்டு புள்ளிகளைச் செயலி கோடு போட்டு இணைத்திருக்கிறது.

வைஃபையைக் கொண்டு இடத்தைத் துல்லியமாக்கும் செட்டிங்கை வைப்பதா, எடுப்பதா என்பதில் எப்போதும் இரண்டு கட்சி. சுற்றியுள்ள ரவுட்டர்களின் அடையாளத்தைத் தரவுத்தளத்தில் தேடி இடத்தை ஊகிப்பதுதான் அதன் வேலை. கட்டடத்துக்குள்ளும் நெருக்கமான தெருவிலும் அது பெரிய உதவி. ஒரே ஒரு நிலையில் கெடுக்கும்: யாராவது வீடு மாறி ரவுட்டரையும் எடுத்து வந்திருந்தால், அதன் பழைய முகவரிக்குப் புள்ளி தாவும். எப்போது தாவினாலும் அதே தொலைதூர இடத்துக்குத்தான் தாவுகிறது என்றால் காரணம் அதுதான். அப்போது மட்டும் அணைத்துப் பாருங்கள். மற்றபடி ஆனாகவே இருக்கட்டும்.

முதல் புள்ளி வர வழக்கத்தைவிட நெடுநேரம் ஆகிறது என்றால், ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற செயலியில் பழைய உதவித் தரவை அழித்துவிட்டு, நெட் இருக்கும் இடத்தில் புதிதாக இறக்குங்கள். தேதி, நேரம் தானாக அமையும்படி இருக்கட்டும். இந்த நேரத்தில் எந்தச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருக்கும் என்று தேடுவதற்கே சரியான நேரம் வேண்டும். ஐபோனில் இதற்கு இணையானது, செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் உள்ள ரீசெட்டுக்குள் லொகேஷன், பிரைவசி இரண்டையும் ரீசெட் செய்வது. செய்தால் எல்லாச் செயலிகளும் மறுபடி அனுமதி கேட்கும். அப்போது துல்லியமான இடத்தை மறக்காமல் கொடுங்கள்.

மேப் செயலி மக்கர் செய்யும்போது ‘கேஷ்’ அழிக்கலாம். ‘டேட்டா’ அழித்தால் இறக்கி வைத்த ஆஃப்லைன் மேப்பும் சேர்ந்தே போய்விடும். இரண்டு பட்டன்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது ஒரு கொடுமை. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று வரும் ‘கிளீனர்’ செயலிகளும் இந்த வேலையைச் சொல்லாமல் செய்யும்.

புள்ளி சரி, ஆனால் திசை காட்டும் ஒளிக்கற்றை எங்கோ பார்க்கிறது என்றால் அது காம்பஸ். ஜிபிஎஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போனைக் காற்றில் 8 போட்டுச் சில முறை சுழற்றினால் சரியாகும். காந்தம் வைத்த பவுச், காந்த ஸ்டாண்டு இரண்டும் காம்பஸைக் கெடுக்கும்; செயற்கைக்கோள் சிக்னலைக் காந்தம் ஒன்றும் செய்யாது. வண்டி ஓடும்போது திசையை நகர்விலிருந்தே கணக்கிடுவதால் காம்பஸ் பிழை தெரியாது. போக்குவரத்து சிக்னலில் நின்று கிளம்பும் நொடியிலும், நடக்கும்போதும்தான் அது உங்களை எதிர்ப்பக்கம் அனுப்பும்.

காருக்குள் மட்டும் கெடுகிறதா? வெயில் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடிகள் சிக்னலைக் கணிசமாக மட்டுப்படுத்தும். பின்னோக்குக் கண்ணாடியை ஒட்டிப் பூச்சில்லாத ஒரு பகுதி விட்டிருப்பார்கள். போனை அங்கே மாற்றிப் பாருங்கள். தரமில்லாத டேஷ்கேமும் யுஎஸ்பி சார்ஜரும் இன்னொரு வில்லன். தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் கடந்து வந்தது, அதன் வலு ஒரு வாட்டில் பத்தாயிரம் டிரில்லியனில் ஒரு பங்கு அளவுதான். பக்கத்தில் மலிவு மின்சுற்று ஒன்று கிளப்பும் இரைச்சல் அதை அமுக்கப் போதும். செயற்கைக்கோள் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண்கள் 5, 10 ஏறுகின்றனவோ, அதை மாற்றுங்கள்.

செயலியை மாற்றுவது

ஆஃப்லைன் மேப் என்றதும் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். நெட் போன பிறகு அவை செய்யும் வேலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கூகுள் மேப்ஸில் ஒரு செவ்வகப் பகுதியைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். நெட் இல்லாதபோது கார் வழி மட்டுமே கிடைக்கும். நடைவழி, சைக்கிள் வழி, பஸ்-ரயில் வழி ஆஃப்லைனில் இல்லை. கார் வழியிலும் போக்குவரத்து நெரிசல், மாற்று வழி, எந்த லேனில் போவது என்ற குறிப்பு இருக்காது. ‘மேப் இறக்கியிருந்தும் வழி போடவில்லை’ என்ற புகார்களில் பல, நடைவழிக்கான பொத்தானை அழுத்தியதால் வருபவை. இறக்கிய பகுதிக்குக் காலாவதித் தேதியும் உண்டு. முடிய 15 நாள் இருக்கும்போது, வைஃபை கிடைத்தால் தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். மாதக்கணக்கில் வைஃபை பக்கமே போகாத போனில் அது நடக்காது, தேவைப்படும் அன்று மேப் இருக்காது. சில நாடுகளில், உரிமக் காரணங்களால், இறக்கவே முடியாது. அதன் பலம் கடைகளும் நிறுவனங்களும். பெயரைப் போட்டுத் தேடுவதில் மற்றவை அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆப்பிள் மேப்ஸ் 2023இல் ஐஓஎஸ் 17 வந்தபோதுதான் ஆஃப்லைனுக்கு வந்தது. தாமதமாக வந்தாலும் நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து வழிகளையும் ஆஃப்லைனில் தருகிறது. ‘ஆஃப்லைன் மேப்பை மட்டும் பயன்படுத்து’ என்ற சுவிட்ச் அதில் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகும் இடத்தில் இது அருமையான வசதி. செயலி நெட்டுக்காகக் காத்துக் காத்துத் தொங்குவதை இந்த ஒரு சுவிட்ச் நிறுத்திவிடும்.

ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் இரண்டுக்கும் மேப் தரவு வருவது 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற தன்னார்வலர் திட்டத்திலிருந்து. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒற்றையடிப் பாதை, குடிநீர்க் குழாய், மலைத்தடம் போன்றவை இதில் செழிப்பாக இருக்கும். போன மாதம் திறந்த கடை இருக்காது. வீட்டு எண்கள் இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரு நகரத்தில் முழுதாக இருக்கும், அடுத்ததில் தெருப் பெயரே இருக்காது. ஆகவே போகும் இடத்தை முகவரியாகத் தேடாமல், கிளம்பும் முன்பே அட்சரேகை-தீர்க்கரேகை எண்ணாகக் குறித்துச் சேமித்துவிடுவது நல்லது.

அப்படிக் குறிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 10 பாகை (டிகிரி) 30 கலை (மினிட்; 60 கலை ஒரு பாகை) என்பது தசமத்தில் 10.5. அதை 10.30 என்று தட்டினால் 0.2 பாகை தள்ளிப்போகும்; வடக்கு-தெற்கில் அது 22 கிலோமீட்டர். புள்ளி சரியாக இருந்தும் சேருமிடம் நடுக்காட்டில் நிற்கிறது என்றால் இந்தத் தட்டச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அது ஒரு மீட்டர் அளவு.

ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க ஆஃப்லைனுக்காகவே செய்தது. நாடு அல்லது மாநில அளவில் கோப்பை இறக்கினால் தேடல், கார்-நடை-சைக்கிள் வழி எல்லாமே போனுக்குள் நடக்கும். விளம்பரம் இல்லை, பழைய போனிலும் வேகமாக ஓடும், பேட்டரியைக் கடிக்காது. நெரிசல் தகவல் கிடையாது. எல்லையோரத்தில் கவனம் வேண்டும்: வழி இரண்டு மாநிலக் கோப்புகளைத் தொட்டால் இரண்டும் இருந்தாக வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் அதை இறக்கச் சொல்லிக் கேட்கும், நெட் இல்லாத நேரத்தில் அப்படிக் கேட்டு என்ன பயன்?

ஓஎஸ்எம்ஆண்ட் வல்லுநர்களுக்கானது. உயரக்கோடு, மலைநிழல், ஜிபிஎக்ஸ் கோப்பை (பாதையைப் பதிந்து வைக்கும் கோப்பு) பின்தொடர்வது, வண்டியின் உயரம்-எடை பார்த்து வழி போடுவது என்று எல்லாமே உண்டு. எல்லாமே மெனுவுக்குள் மெனு. இலவசப் பதிப்பில் இறக்கும் மேப்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது. பல நூறு கிலோமீட்டர் வழியைப் பழைய போனில் கேட்டால் திணறும்; நடுவில் ஓர் ஊரை நிறுத்தமாகச் சேர்த்தால் கணக்கு சுலபமாகும். இடம் குறைவாக உள்ள போனுக்குச் சாலைகள் மட்டும் கொண்ட சிறிய கோப்பும் அதில் உண்டு.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊருக்குள் சுற்ற கூகுளோ ஆப்பிளோ, நெட் இல்லாத இடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் என்று இரண்டை வைத்திருப்பதே பெரும்பாலானோருக்குச் சரி. ஓஎஸ்எம்ஆண்ட், ஜிபிஎக்ஸ் தடத்தை நம்பி நடப்பவர்களுக்கும் உயரக்கோட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் மட்டும்.

எதை வைத்திருந்தாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஏரோபிளேன் மோட் போட்டு மூன்றைச் செய்து பாருங்கள். போகும் ஊரின் சின்னத் தெருவரை பெரிதாக்கிப் பார்ப்பது, ஒரு பெயரைத் தேடுவது, எந்த முறையில் போகப்போகிறீர்களோ அந்த முறையில் வழி போடுவது. இறக்கியதாக டிக் காட்டும் மேப்பிலும் ஏதாவது ஒன்று தவறும். குரலையும் சோதியுங்கள்: ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை போனின் சொந்தப் பேச்சு எஞ்சினைத்தான் பயன்படுத்துகின்றன. தேர்ந்தெடுத்த மொழியின் குரல் கோப்பை முன்பே இறக்காவிட்டால், நெட் போனதும் வழிகாட்டி ஊமையாகிவிடும். மெமரி கார்டில் மேப்பை வைப்பதும் வேண்டாம். கார்டு ஒருமுறை அசைந்து தொடர்பு விட்டால் மேப் முழுவதும் காணாமல் போகும். உள்நினைவகத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் விட்டு வையுங்கள்.

தனிக் கருவியா, புது போனா, பழுதுபார்ப்பா

சோதனையில் சிக்னலே மோசம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

ஸ்கிரீன், பேட்டரி, பின்கண்ணாடி ஏதாவது மாற்றிய பிறகு கோளாறு தொடங்கியதா? அப்படியானால் பழுதுபார்ப்புதான் மலிவு. பல போன்களில் ஆன்டெனா பின்சட்டத்தில் இருக்கும். மெயின் போர்டிலிருந்து சின்ன ஸ்பிரிங் தகடு ஒன்று அதைத் தொடும். தகடு வளைந்தாலோ, பசை பட்டாலோ, ஒரு ஸ்குரூவை விட்டுவிட்டாலோ 40 காட்டிய எண் 20க்கு விழும். கடையில் ‘ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, ஆன்டெனா தொடர்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டு போனைத் திருப்பித் தருவார்கள்.

புது போன் வாங்குவது என்றால் பார்க்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: இரட்டை அலைவரிசை. பழைய போன்கள் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸை மட்டும் கேட்கும். 2018இல் ஷாவ்மியின் எம்ஐ 8 தொடங்கி, 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5ஐயும் சேர்த்துக் கேட்கும் போன்கள் வந்தன. ஐபோனில் இது முதலில் வந்தது 14 ப்ரோவில். உயரமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளி தெரு மாறுவதற்குக் காரணம், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி நீண்ட பாதையில் வருவது. எல்1இன் துடிப்பு ஒவ்வொன்றும் சுமார் 293 மீட்டர் நீளம். நேராக வந்ததும் சுவரில் பட்டு 50 மீட்டர் சுற்றி வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். எல்5இன் துடிப்பு 29 மீட்டர்தான். 50 மீட்டர் தாமதித்து வந்த எதிரொலி தனியாகப் பிரிந்து நிற்கும், போன் அதை ஒதுக்கிவிடலாம். ஆக, உங்கள் தொல்லை அடுக்குமாடிகளுக்கு நடுவே என்றால் இரட்டை அலைவரிசைக்குக் காசு கொடுப்பது தகும். திறந்த மலைச்சரிவில், நெடுஞ்சாலையில் என்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விளம்பரத்தில் ‘ஐந்து செயற்கைக்கோள் அமைப்புகள்’ என்று போட்டிருப்பதை இரட்டை அலைவரிசை என்று எண்ணிவிடாதீர்கள். விவரப் பட்டியலில் எல்5 அல்லது கலிலியோவுக்கு ஈ5ஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ளூடூத் ரிசீவரின் உண்மையான லாபம் அதற்குள் இருக்கும் சிப்பைவிட, அதை வைக்கும் இடம். போன் சட்டைப்பையிலோ ஹேண்டில்பாரிலோ இருக்க, ரிசீவரை டேஷ்போர்டு மூலையிலோ முதுகுப்பையின் உச்சியிலோ வானம் தெரிய வைக்கலாம். சாதாரண போன் நொடிக்கு ஒருமுறை இடம் சொல்லும். கார்மின் ஜிஎல்ஓ 2 போன்ற ரிசீவர் 10 முறை சொல்லும். வேகமாகப் போகும் வண்டிக்கு அது பயன், நடப்பவருக்கு இல்லை. தொல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, ஓர் இணைப்புச் செயலியை ‘போலி இருப்பிடச் செயலி’யாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி வரும் இடத்தைச் சில செயலிகள் மோசடி என்று கருதி வேலை செய்ய மறுக்கும். ரிசீவரின் பேட்டரி தீர்ந்தால் புள்ளி கடைசி இடத்திலேயே உறைந்து நிற்கலாம். ஐபோனுக்கு ஆப்பிள் சான்று பெற்ற ரிசீவர்தான் சேரும். ஜிபிஎஸ் இல்லாத ஐபேடை வழிகாட்டியாக்க நினைப்பவருக்கு இதுவே நல்ல வழி. போனே வைத்திருப்பவருக்கு, காருக்குள் மட்டும் சிக்னல் விழுகிறது, ஸ்டாண்டை மாற்றியும் சரியாகவில்லை என்ற ஒரு நிலை தவிர மற்ற எதற்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கையடக்க ஜிபிஎஸ் கருவி வேறு ஜாதி. மாற்றிப்போடும் ஏஏ பேட்டரி, வெயிலில் இன்னும் தெளிவாகும் ஸ்கிரீன், ஈரக் கையாலும் அழுத்தக்கூடிய பட்டன், கீழே விழுந்தால் உடையாத உடல். பல நாள் நடைக்கு இவை நான்கும் சேர்ந்து உயிர் காக்கும். மேப் சின்னதாக, மெதுவாக நகரும். பெயர் தட்டித் தேடுவது வேதனை. வழியை வீட்டிலேயே ஜிபிஎக்ஸ் கோப்பாகச் செய்து ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை. காரோட்டிக்கும் டெலிவரி செய்பவருக்கும் இது வீண் செலவு.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று மேசை டிராயரில் கிடக்கும் பழைய போன். சோதனையில் அதன் சிக்னல் நன்றாக இருந்தால், ஃபேக்டரி ரீசெட் செய்து, ஆர்கானிக் மேப்ஸும் தேவையான கோப்புகளும் மட்டும் ஏற்றி, சிம் இல்லாமல் வழிகாட்டிக்கென்றே ஒதுக்கிவிடலாம். பேட்டரி தளர்ந்திருந்தாலும் காரில் சார்ஜரோடு ஓடும். கிளம்பும் முன் வைஃபையில் ஒருமுறை இடம் பிடிக்க விடுங்கள். உதவித் தரவு இறங்கிவிடும், வழியில் காத்திருக்க வேண்டாம். ப்ளூடூத் ரிசீவர் வாங்க எண்ணும் பலருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. முன்கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்தால் மட்டும் எந்தப் போனும் சூடாகி ஸ்கிரீன் மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்.

சுரங்கப்பாதை, அடித்தளப் பார்க்கிங், வேண்டுமென்றே சிக்னலைக் குலைக்கும் பகுதி ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் மருந்தில்லை. சீனாவில் மேப்பும் புள்ளியும் சில நூறு மீட்டர்வரை விலகித் தெரிவது போனின் பிழையும் இல்லை. அங்கே மேப்புகளை வேறொரு ஆயத்தொலை முறையில் வெளியிட வேண்டும் என்பது சட்டம்.

புது போனோ ரிசீவரோ வாங்கிவிட்டால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பழையதையும் புதியதையும் ஒரே பையில் வைத்து, பழையது எங்கே சொதப்பியதோ அதே தெருவில் நடந்து இரண்டிலும் தடத்தைப் பதியுங்கள். இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். செயற்கைக்கோள்களின் நிலை மணிக்கு மணி மாறுவதால் நேற்றைய தடத்தோடு இன்றையதை ஒப்பிட முடியாது. இரண்டு ஜிபிஎக்ஸ் கோப்புகளையும் ஒரே மேப்பில் ஏற்றிப் பாருங்கள். புதியதும் அதே திருப்பத்தில் அதே கட்டடத்துக்குள் நுழைகிறது என்றால் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.